பாறைமேல் எடுத்த அளவு

வண்டி கேட்டவர்கள் கள்ளக்குறிச்சியில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார்கள். ஒரு அம்மா, ஒரு வயதான என்ஜினியர். கல்வராயன் மலையைச் சுற்ற வேண்டும், வேலை முடிகிறவரை வண்டி கூடவே இருக்க வேண்டும் என்றார்கள். மலைக்கு வாடகை பேசுகிறவர்கள் அருவியைக் கேட்பார்கள். படகு விடுகிற இடத்தைக் கேட்பார்கள். இவர்கள் போன் எங்கெங்கே எடுக்காது என்று கேட்டார்கள். எடுக்காத ஊருக்குத்தான் முதலில் போக வேண்டும் என்றார்கள்.

சரி என்றேன். அப்படிப்பட்ட ஊருக்கு மலையில் குறைச்சல் இல்லை.

நான் மலையில் பிறந்தவன். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. இப்போது கச்சிராயபாளையத்தில் குடியிருந்து ஜீப் ஓட்டுகிறேன். ஏறும்போது மளிகையும் ஆளும். இறங்கும்போது மரவள்ளியும் கடுக்காயும் ஆளும். பேச்சு எனக்குக் கம்மி. ஏறுகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவேன். கேட்டதில் பெரும்பாலும் மறந்துபோகும். அந்த இரண்டு பேரும் பேசியது மறக்கவில்லை.

கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் நானே கேட்டேன்.

"நீங்க ஆபீசருங்களா மேடம்?"

"இல்லண்ணா. ஆலோசகர். கன்சல்டன்ட்."

"அப்படின்னா இன்னா வேலைங்க?"

"அரசாங்கம் ஒரு விதி போடணும்னா, அதை எப்படிப் போடலாம்னு யோசிச்சு எழுதிக் குடுக்கிறது."

"அத அவங்களே எழுத மாட்டாங்களா?"

முன்சீட்டில் இருந்த என்ஜினியர் சிரித்தார். "எழுதலாம். அப்புறம் தப்பாப் போனா யாரைத் திட்டறது?"

அந்த அம்மாவும் சிரித்தது. அவர் அப்படித்தான் சொல்வார், கண்டுகொள்ளாதீர்கள் என்றது.

அவர்களை எப்படி வேலைக்கு எடுத்தார்கள் என்று அந்த அம்மா சொன்ன கதை எனக்குப் புதிது. அரசாங்கம் விளம்பரம் கொடுக்குமாம். இன்ன வேலை, இவ்வளவு நாளில் முடிக்க வேண்டும், இன்னது தெரிந்த ஆள் வேண்டும் என்று. கேட்டு வருகிற ஒவ்வொரு கம்பெனியும் இரண்டு கவர் கொடுக்க வேண்டும். முதல் கவரில் தங்களுக்கு என்ன தெரியும், எப்படிச் செய்வோம் என்று எழுதியிருக்கும். இரண்டாவது கவரில் கூலி. முதல் கவரைப் பிரித்துப் படித்து மார்க் போடுவார்கள். மார்க் வந்தால்தான் இரண்டாவது கவரைத் தொடுவார்கள். வராவிட்டால் அப்படியே ஒட்டினபடி திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

"கூலி இன்னான்னு பாக்காமலேயா?"

"பாக்காமலே."

இரண்டு வளைவுக்கு அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன். கிணறு வெட்ட, கரும்பு வெட்ட, வீடு கட்ட, எதற்கும் எங்கள் பக்கம் முதல் பேச்சே கூலிதான். உனக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்டு, கூலிக் கவரைப் பிரிக்காமலே வைத்திருக்கிற ஓர் இடம் எங்கோ இருக்கிறது. அங்கேயிருந்து இந்த இரண்டு பேரைப் பொறுக்கி எடுத்து என் வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். அது முதல் கண்ணாடியில் அந்த அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் மரியாதையாகத்தான் பார்த்தேன்.

பனி இறங்கியிருந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே ஏறினேன். என்ஜினியர் பேச்சுக்குப் பஞ்சமில்லாத ஆள். தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"டிரைவரே, ரோட்டுல எந்தப் பக்கம் ஓட்டுவ?"

"இடது பக்கங்க சார்."

"மேல பாரு. அங்கயும் ரோடு இருக்கு. உன் கண்ணுக்குத் தெரியாது. போன் கம்பெனி ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரோடு. அரசாங்கம் ஏலம் விட்டுக் குடுத்தது. அவன் ரோட்டுல இவன் ஓட்டினா கேஸு."

"இந்த மலை மேலயுங்களா?"

"இந்த மலை மேலயும்தான். கடல் மேலயும்தான்."

புளியமரம் ஏலம் போகும். ஏரி மீன் ஏலம் போகும். அது தெரியும். பனிக்குள் ஒன்றும் தெரியாத அந்த ஆகாயமும் ஏலம் போயிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் அண்ணாந்து பார்க்கவில்லை. வளைவு. ஆனால் தலைக்கு மேலே ஏதோ பெரிய கழனி கிடக்கிற மாதிரி இருந்தது.

"ஏலம் எடுத்தவன் இங்க வந்து பயிர் வைக்கல" என்றார் என்ஜினியர். "ஊரு சின்னது, ஆளு கம்மி, லாபம் கம்மி. தரிசாக் கிடக்கு. அந்தத் தரிசுல சின்ன ஆளுங்க பயிர் வைக்கலாமான்னுதான் மேடம் எழுதப் போறாங்க."

அதுதான் அவர்கள் வேலை. பெரிய கம்பெனி வராத ஊரில், ஊர்க் குழுவோ சின்னக் கம்பெனியோ சின்னக் கம்பம் நட்டு போன் சேவை நடத்தலாம். அதற்கு உரிமம் வேண்டும். யாருக்குக் கொடுக்கலாம், எந்த ஊருக்குக் கொடுக்கலாம், என்ன நிபந்தனை, எல்லாம் அந்த அம்மா எழுத வேண்டும். அதில் ஒன்று முக்கியம். சேவை இல்லாத ஊருக்குத்தான் உரிமம். ஏற்கெனவே போன் எடுக்கிற ஊர் என்றால் கிடையாது. அதனால் ஊர் ஊராகப் போய், எடுக்கிறதா இல்லையா என்று மெஷின் வைத்து அளந்து, வரைபடத்தில் புள்ளி வைக்கிறார்கள். எடுத்தால் பச்சை. எடுக்காவிட்டால் சிவப்பு. முதல் கட்டமாக இந்த மலையில்தான் செய்து பார்க்கப் போகிறார்கள் என்றது அந்த அம்மா.

எனக்கு உடனே என் அக்கா ஊர் ஞாபகம் வந்தது. நான் சொல்லவில்லை. அவர்கள் போகிற ஊர்களில் அதுவும் இருந்தது.

அக்காவைக் கொடுத்திருக்கும் ஊர் வெள்ளிமலையிலிருந்து உள்ளே. ஜீப் மட்டும் போகும். கொஞ்சம் வீடு, சுற்றிலும் சாமை, மரவள்ளி. ஊர் பள்ளத்தில் இருப்பதால் போன் எடுக்காது. ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. அங்கே ஏறினால் எடுக்கும். அதற்கு சிக்னல் பாறை என்றே பேர்.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், கடுக்காய் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர். உட்கார முடியும். கையை ஊன்றித் தரையில் நகர முடியும். நிற்க முடியாது. ரேஷன் அரிசிக்கு மெஷினில் கட்டைவிரல் வைக்க வேண்டும். மெஷினுக்கு சிக்னல் வேண்டும். அதனால் ரேஷன்கடை ஊழியர் மாதம் ஒருநாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் போய் உட்கார்ந்துகொள்வார். ஊரே அங்கே ஏறும். அக்காவின் விரல் ரேகை களைவெட்டியே தேய்ந்துபோயிற்று, மெஷின் எடுக்காது. இவர்களுக்குப் பதிலாக வேறு ஆள் விரல் வைக்க மனு கொடுத்தும் உத்தரவு இன்னும் வரவில்லை. மாமா விரல்தான் ஒரே வழி. மாமாவைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும்.

ரேஷன் நாளில் வண்டி அந்தப் பக்கம் வருகிற மாதம் நான் தூக்குவேன். இல்லாவிட்டால் ஊரில் யாராவது. மாமா ஒரு காலத்தில் மூட்டையோடு மலை இறங்கினவர். என் முதுகில் இருக்கும்போது பேசமாட்டார். மூச்சைக் கூட அடக்கிக்கொண்டு வருவது எனக்குத் தெரியும். போன மாதம் அக்காவிடம், "அரிசி வாணாம். என்னிய இனிமே தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். அந்த மாதம் விரல் வைக்கவில்லை. அக்கா அக்கம்பக்கத்தில் வாங்கிச் சமாளித்தாள்.

அந்த நிலையில்தான் இவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன்.

வண்டி நின்றதும் அக்கா தண்ணீர் கொடுத்தாள். வெல்லக் காப்பி கொடுத்தாள். பிறகு, "வாங்க, பாறைக்குப் போலாம்" என்று முன்னால் நடந்தாள். அந்த ஊரில் அது பழக்கமாகிவிட்டது. வெளியூர் ஆள் யார் வந்தாலும் தண்ணீர் குடித்ததும் சிக்னல் எங்கே எடுக்கும் என்றுதான் கேட்பார்கள். கேட்கவைப்பது மரியாதை இல்லை. அதனால் கேட்பதற்கு முன்பே பாறைக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். நான் வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்ததால் அக்கா காலையிலேயே ஏறிப் பாறையைப் பெருக்கி, சாக்கு விரித்து வைத்திருந்தாள்.

வண்டியில் பெல்ட் தளர்ந்திருந்தது. நான் அதைப் பார்க்க நின்றுவிட்டேன். அவர்கள் ஏறி, அளந்து, படம் பிடித்து, இறங்கி வந்தார்கள். அக்கா ஒரு பலாப்பழத்தை வண்டியில் ஏற்றினாள். கிளம்பினோம். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை வெள்ளிமலையில் டீக்கடையில் பனி விலகக் காத்திருந்தோம். அந்த அம்மா லேப்டாப்பை பெஞ்சில் வைத்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மலை முழுக்கப் புள்ளி. நான் பிறந்த மலை அவ்வளவு சின்னதாக, அவ்வளவு முழுசாக, ஒரு பெஞ்சுமேல் இருந்தது. எந்த ஓடை எங்கே திரும்புகிறது என்றுகூடத் தெரிந்தது. நான் டீ குடிக்க மறந்து நின்றேன்.

அக்கா ஊர்மேல் பச்சைப் புள்ளி இருந்தது.

தப்பாகப் பார்க்கிறேனோ என்று குனிந்தேன். பச்சைதான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா கேட்டது. "அண்ணா, உங்க அக்கா ஊர்ல வீடெல்லாம் எங்க இருக்கு?"

"ஏன் மேடம்?"

"மத்த ஊர் படத்துல எல்லாம் பின்னாடி வீடு இருக்கு, மாடு இருக்கு, துணி காயுது. இந்த ஊர் படத்துல வானம் மட்டும்தான் இருக்கு. ராத்திரியெல்லாம் அதையே நெனச்சிட்டு இருந்தேன்."

"அது பாறைங்க மேடம். ஊரு கீழ இருக்குது."

"கீழ எடுக்குமா?"

"எடுக்காதுங்க."

என்ஜினியர் டம்ளரைக் கீழே வைத்தார். "உங்க அக்காதான இங்க நில்லுங்க, இங்கதான் நல்லா எடுக்கும்னு கூட்டிட்டுப் போச்சு?"

"ஆமாங்க சார். வந்தவங்கள நல்லா எடுக்கிற எடத்துலதான நிக்க வைக்கணும்?"

அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். "இன்னும் எத்தனை ஊர்ல இப்படி நிக்க வெச்சாங்களோ."

அந்த அம்மா தன் காகிதக்கட்டைப் பிரித்து ஒரு பக்கத்தை எடுத்தது. எனக்குப் படித்தும் காட்டியது. ஊர்மக்கள் காட்டும் இடத்தில் அளவு எடுக்க வேண்டும் என்று இருந்தது.

"இது நான் எழுதினது. நம்ம இஷ்டத்துக்கு ஒரு இடத்துல நின்னு அளக்கக்கூடாது, ஊர்க்காரங்களக் கேட்டுதான் செய்யணும்னு எழுதினேன்."

எங்கள் ஆட்கள் மரியாதைக்கு நல்ல இடத்தைக் காட்டினார்கள். அந்த அம்மா மரியாதைக்கு அவர்கள் காட்டின இடத்தில் நின்றது. இரண்டு பேர்மேலும் குற்றம் இல்லை. பச்சை மட்டும் விழுந்துவிட்டது. அந்தப் பச்சை அப்படியே போனால் அக்கா ஊருக்குக் கம்பம் வராது. மாமா என் முதுகில் ஏறமாட்டார்.

என்ஜினியருக்குத் திரும்பப் போக மனமில்லை. "அறிக்கை குடுக்கிற தேதி நெருங்கிடுச்சு. திரும்ப எல்லா ஊரும்னா முடியாது. குறிப்புன்னு அடியில ஒரு வரி போட்டுடலாம்."

"அடியில போடற வரிய யாரு சார் படிக்கிறாங்க? நீங்க படிச்சிருக்கீங்களா?"

"நான் எழுதியிருக்கேன்."

"அதத்தான் சொல்றேன்."

அவர் எழுந்து போய் வண்டியில் உட்கார்ந்தார். முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். கொஞ்சநேரம் கழித்து ஜன்னல் வழியாக, "டிரைவரே, பனி போயிடுச்சு. இன்னும் இன்னா டீ?" என்றார். எங்கள் பேச்சு அதற்குள் அவருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்ப எங்களைப் பார்த்ததும் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நேத்துதான போனீங்க? வழி மறந்துட்டீங்களா, பலாப்பழம் தீந்துடுச்சா?"

"மறுபடி அளக்கணுமாம் அக்கா."

"அளக்கட்டும். வாங்கம்மா, பாறைய இப்பதான் பெருக்கினேன்."

"பாறைக்கு வேணாம்மா" என்றது அந்த அம்மா. "உங்க வீட்டாண்ட நிக்கணும்."

"வூட்டாண்ட இன்னா இருக்குது? அங்க ஒண்ணும் வராது."

"வரலன்னா அதான் எனக்கு வேணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். "இவங்களுக்கு இன்னாடா ஆச்சு? இல்லாதத எழுதறதுக்கா இவ்ளோ தூரம் வந்தாங்க?"

நான் ஆமாம் என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. வந்தவர்களுக்கு வெறும் தட்டை வைக்கிற மாதிரி அவள் முகம் ஆகிவிட்டது. ஆனாலும் வாசலைப் பெருக்கினாள்.

என்ஜினியர் மெஷினை வாசலில் வைத்தார். ஒன்றும் வரவில்லை. அதற்குள் ஊர் கூடிவிட்டது. எல்லாரும் உதவி செய்ய ஆரம்பித்தார்கள்.

"கொஞ்சம் தூக்கிப் புடிங்க சார். எனக்கு ஒரு வாட்டி வந்துது."

"தண்ணித் தொட்டி மேல வைங்க. அங்க வரும்."

"காத்து அடிச்சா வரும். செத்த நேரம் இருங்க."

"அந்தக் கிழவன் ஓரமா போனா வரும். அவன் நிக்கிற எடத்துல மழையே பெய்யாது."

என்ஜினியர் மெஷினை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார், யாராவது பிடுங்கிக்கொண்டு பாறைக்கு ஓடிவிடுவார்கள் என்று பயந்தமாதிரி. "ஐயா, எனக்கு சிக்னல் வேணாம்யா. வேணாம்" என்றார். யாரும் நம்பவில்லை. நல்ல மனிதர், கூச்சப்படுகிறார் என்றே நினைத்தார்கள்.

அப்போது உள்ளே கட்டிலிலிருந்து மாமா குரல் வந்தது. மாமா குரலை ஊர் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"எல்லாம் சும்மா இருங்க. இல்லன்னு எழுதிக்கினு போகட்டும். இருக்குது இருக்குதுன்னு சொல்லித்தான் என் கட்டைவெரல மாசாமாசம் மலையேத்தறீங்க."

 அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனது. கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தது. அக்கா பாய் எடுத்து வருவதற்குள் உட்கார்ந்துவிட்டது.

"ஐயா, நீங்க சொல்லுங்க. எங்க வெச்சு அளக்கணும்?"

மாமா யோசிக்கவில்லை. "நான் படுத்துக்கினு இருக்கிற எடத்துல."

என்ஜினியர் மெஷினைக் கொண்டுவந்து மாமா தலைமாட்டில் வைத்தார். மாமா தலையைத் திருப்பி அதைப் பார்த்தார். அது ஒரு கோடும் காட்டவில்லை. அந்த அம்மா மாமா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டது. அதன் கீழே, விதிக்காக, எழுந்து நடக்க முடியாதவர் இருக்கும் இடத்தில் என்று எழுதி, அவருக்குப் படித்துக் காட்டியது. மாமா தலையாட்டினார்.

அதற்கப்புறம் எல்லா ஊருக்கும் திரும்பப் போனோம். நாலைந்து ஊரில் பச்சை சிவப்பானது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு பாறை, அல்லது ஒரு கோயில் மேடு, அல்லது ஒரு மரக்கிளை இருந்தது. எல்லா ஊரும் நல்ல இடத்தைத்தான் காட்டியிருந்தது. என்ஜினியர் கணக்கை அந்த அம்மாவுக்குச் சொல்லச் சொல்ல, அது தேதிக்குள் முடிக்க இரவெல்லாம் எழுதியது. காலையில் கண் சிவந்திருக்கும். ஆனால் வண்டியில் ஏறியதும் முதல் பேச்சே ஒரு சொல்லைப் பற்றித்தான் இருக்கும். இடம் என்று போடலாமா, குடியிருப்பு என்று போடலாமா. இவர் ஒன்று சொல்வார், அது ஒன்று சொல்லும். ஒரு சொல்லுக்கு அடிவாரத்திலிருந்து உச்சிவரை சண்டை போடுவார்கள். ஒரு சொல்லைத் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, சரியில்லை என்று கீழே வைப்பார்கள். நல்ல கொத்தனார் கல் பார்க்கிற மாதிரி. எனக்கு அதைக் கேட்கக் கேட்க வண்டி மெதுவாகிவிடும்.

மழைக்காலம் முடிந்து கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். எழுதியதைத் தமிழில் படித்து, குறை இருந்தால் சொல்லலாம் என்றார்கள். மலையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு நான்தான் வந்தேன். அக்காவும் வந்தாள். போன் கம்பெனிக்காரர்களும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் அதிகாரிகள். நான் கடைசியில் கதவுப் பக்கம் நின்றேன்.

வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தார்கள். பாதி எனக்குப் புரியவில்லை. பிறகு அந்த வரி வந்தது. சேவை உள்ளதா என்பதை எழுந்து நடக்க முடியாதவர் இருக்கும் இடத்திலும் அளந்து பார்க்க வேண்டும். மைக்கில் அதைப் படித்தபோது கதவை விட்டு ஓர் அடி உள்ளே வந்தேன். ஒரு கட்டிலில் கிடந்தபடி மாமா சொன்ன வார்த்தை, அந்தப் பெரிய மண்டபத்தில், மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே கேட்டது. சட்டம் எங்கோ ஆகாயத்திலிருந்து வருகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது எங்கள் அக்கா வீட்டுக்குள்ளிருந்தும் வரும்.

கம்பெனிக்காரர் ஒருவர் எழுந்தார். நல்ல முறையில்தான் பேசினார். வீட்டுக்குள் போய் அளப்பது நடைமுறைக்கு ஆகாது, சுவரைப் பொறுத்து மாறும், யார் வீட்டுக்குள் என்று சண்டை வரும், ஊரில் பொதுவான ஓர் இடத்தில் கிடைத்தால் போதாதா என்றார். அவர் பேசியதிலும் நியாயம் இருந்தது. அதிகாரிகள் தலையாட்டினார்கள்.

பொதுவான இடம் என்றால் பாறைதான். அக்கா திரும்பி என்னைத் தேடினாள்.

அந்த அம்மா மைக்கை வாங்கியது. குரலை உயர்த்தவில்லை. சுவர் கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன் என்றது. பொதுவான இடம் என்று போட்டால் ஊருக்குள் ஒருத்தரும் இல்லாத மேட்டில் நின்று அளக்கலாம், நானே அளந்தேன், தப்பாக அளந்தேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னது. தான் செய்த தப்பை அவ்வளவு சாதாரணமாக, மடியில் வைத்து எல்லாருக்கும் காட்டுகிற ஆளை நான் பார்த்ததில்லை. என்ஜினியர் எழுந்து இரண்டு ஊர்க் கணக்கைச் சொன்னார். பேச்சு இழுத்தது. உள்ளே வேண்டாம் என்றார்கள். பொது இடம் கூடாது என்றது அந்த அம்மா. சாப்பாட்டு நேரம் தாண்டியது. கடைசியில் அதிகாரி ஒருவர், "குடியிருக்கும் வீட்டு வாசலில்" என்றார். கம்பெனிக்காரர் சரி என்றார். அந்த அம்மா கையிலிருந்த காகிதத்தை ஒரு தடவை பார்த்தது. பிறகு அதுவும் சரி என்றது.

வெளியே வந்து என்னிடம், "கட்டில் வரைக்கும் கொண்டுபோக முடியலண்ணா" என்றது. முகம் வாடியிருந்தது.

"வாசல் வரைக்கும் வந்துச்சே மேடம்" என்றேன்.

ஊர் திரும்பினதும் அக்கா மாமாவிடம் சொன்னாள். வாசல் என்று மாற்றிவிட்டார்கள், உள்ளே எடுக்காமலும் போகலாம் என்று. கோபப்படுவார் என்று நினைத்தோம். மாமா கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

"வாசல் போதும். வாசலுக்கு நானே வருவேன்."

கம்பம் உடனே வரவில்லை. விதி அச்சாகி, உரிமம் கேட்டு ஆள் வந்து, அதிலும் இரண்டு தடவை திருப்பி அனுப்பி, அடுத்த வெயில்காலத்தில்தான் வந்தது. அதுவரை மாமா பாறைக்கு ஏறவில்லை, அக்கா அக்கம்பக்கத்தில் வாங்கித்தான் சமாளித்தாள். மலையில் உள்ள பெண்கள் குழுக்களும் ஒரு சின்னக் கம்பெனியும் சேர்ந்து உரிமம் எடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒல்லியாக ஒரு கம்பம், அதன் அடியில் சோலார் பலகை. கம்பம் என்று சொன்னதும் ஊர் பெரிதாக எதிர்பார்த்தது. "இது இன்னா, கொடிக்கம்பம் மாதிரி கீது" என்று பேசிக்கொண்டார்கள். பனி மூடினால் இப்போதும் சில நாள் எடுக்காது. வெயில் இருந்தால் வாசலில் எடுக்கும். மாமா கட்டிலில் எடுக்காது.

கம்பம் வந்த மாத ரேஷனுக்கு நான் போயிருந்தேன். ஊழியர் பாறைக்குப் போகாமல் மெஷினும் அரிசியுமாக வீடு வீடாக வந்துகொண்டிருந்தார். அக்கா வீட்டுக்கு வரும்போதே மாமா கட்டிலிலிருந்து இறங்கிவிட்டார். கையை ஊன்றி, உடம்பை இழுத்து, தரையில் நகர்ந்து வந்தார். நான் குனிந்தேன்.

"தொடாத" என்றார்.

நிமிர்ந்து நின்றேன். அக்கா அடுப்படியில் நின்றபடி புடவையை வாயில் வைத்துக்கொண்டாள். யாரும் கிட்டே போகவில்லை. வாசல் நிலையை அடைய அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. ஊழியர் வெயிலில் நின்று காத்திருந்தார்.

மாமா வாசல் நிலையில் முதுகைச் சாய்த்து, கையை வேட்டியில் துடைத்து, விரலை வைத்தார்.

"சுத்திக்கினு இருக்குதுண்ணே. செத்த இருங்க" என்றார் ஊழியர்.

மாமா விரலை எடுக்கவில்லை. மேலே எங்கேயோ, எனக்குத் தெரியாத ஒரு தடத்தில், அந்த ரேகை போய்க்கொண்டிருந்தது. என்ஜினியர் சொன்னபோது நம்பினேனோ இல்லையோ, அப்போது நம்பினேன். மெஷின் சத்தம் போட்டு சீட்டைத் தள்ளியது.

"வந்துடுச்சுண்ணே."

"இவ்ளோதானா?" என்றார் மாமா.

"இவ்ளோதாண்ணே."

அக்கா அரிசிப் பையை வாங்கி உள்ளே வைத்தாள். ஊழியர் அடுத்த வீட்டுக்குப் போனார். மாமா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு, வெயில் ஏறுகிறவரை உட்கார்ந்திருந்தார். உள்ளே வாங்க என்று யாரும் கூப்பிடவில்லை.